ஆறாத சிவப்புத் திட்டு: ஆண்கள் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம்



கவ்வாத்துக் கத்தி கையில் பட்டால் உடனே டிஸ்பென்சரிக்கு ஓடுகிறோம். பல்வலி வந்தால் ராத்திரியே மருந்து தேடுகிறோம். ஆனால் ஆணுறுப்பில் ஒரு சிவப்புத் திட்டோ, புண்ணோ, வெள்ளைப் படையோ வந்துவிட்டால் மட்டும் யாரும் வாயைத் திறப்பதில்லை. வீட்டுக்காரியிடம் சொல்ல வெட்கம், டாக்டரிடம் காட்ட வெட்கம். கடையில் ஒரு டியூப் வாங்கிப் பூசிக்கொண்டு பேசாமல் இருந்துவிடுகிறோம்.

தோட்டத்தில் மட்டும் இப்படி இல்லை. கொழும்புக்கு வேலைக்குப் போன நம்ம பிள்ளைகளும் இதே மாதிரித்தான். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைக் கடைகளிலும் கல்கிசைப் பக்கத்து ஹோட்டல்களிலும் வேலை செய்கிறவர்கள் ஐந்தாறு பேராக ஒரே அறையில் தங்குகிறார்கள். ஒரு நாள் லீவு போட்டால் சம்பளம் வெட்டு. காலி வீதியில் இறங்கினால் பாமசி இருக்கிறது. “அரிப்புக்கு ஒரு கிறீம் தாங்க” என்று வாங்கிவிட்டால் விஷயம் முடிந்தது என்று நினைக்கிறார்கள்.

இந்த மறைப்பினால் இரண்டு விதமான கெடுதி நடக்கிறது. சாதாரண அழற்சி உள்ளவர் தனக்குப் புற்றுநோய் வந்துவிட்டது என்று பயந்து தூக்கமில்லாமல் தவிக்கிறார். உண்மையாகவே புற்றுநோய்க்கு முந்திய நிலையில் உள்ளவரோ “உடம்புச் சூடு, தானாப் போயிரும்” என்று வருஷக் கணக்கில் விட்டுவிடுகிறார். இரண்டு பேருக்கும் வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நேரத்தோடு டாக்டரிடம் காட்ட வேண்டும். இந்த வருத்தங்களை எப்படிப் பிரித்தறிவது, எப்போது பயப்படத் தேவையில்லை, எப்போது தாமதிக்கவே கூடாது என்று இந்த இதழில் பார்ப்போம்.

அழற்சி வேறு, புற்றுக்கு முந்திய நிலை வேறு

அழற்சி என்பது தோல் கோபித்துக்கொள்வது. கிருமி, பூஞ்சணம், சவர்க்காரம், ஈரம், மருந்து, இப்படி ஏதோ ஒன்று தொந்தரவு கொடுக்கும்போது தோல் சிவந்து, வீங்கி, அரிக்கும். காரணத்தை நீக்கி மருந்து போட்டால் தோல் பழையபடி ஆகிவிடும்.

புற்றுநோய்க்கு முந்திய நிலை என்பது வேறு. தோலின் மேல் அடுக்கில் இருக்கும் கலங்களே கெட்டுப்போய் ஒழுங்கில்லாமல் வளரத் தொடங்கிவிடுகின்றன. ஆனால் அந்த அடுக்குக்குக் கீழே இருக்கும் வேலியை அவை இன்னும் தாண்டவில்லை. வேலிக்குள் இருக்கும் வரை அது உடம்பில் வேறு இடத்துக்குப் பரவாது, உயிருக்கும் ஆபத்தில்லை. வேலியைத் தாண்டினால்தான் அது புற்றுநோய். இப்படிப்பட்ட திட்டுகள் எல்லாமே புற்றுநோயாக மாறுவதில்லை. ஆனால் எது மாறும், எது மாறாது என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. ஆகவே கண்டுபிடித்ததும் வைத்தியம் செய்துவிட வேண்டும்.

ஆணுறுப்புப் புற்றுநோய் அபூர்வமானது. 2020ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் ஏறத்தாழ 36,000 பேருக்கு இது வந்ததாகக் கணக்கிடப்பட்டது. பணக்கார நாடுகளை விட, தண்ணீர் வசதியும் வைத்திய வசதியும் குறைந்த இடங்களில்தான் இது கூடுதலாகக் காணப்படுகிறது. ஆகவே சிவப்பைக் கண்டதும் நடுங்க வேண்டாம். பத்துப் பேருக்கு வந்தால் பெரும்பாலும் அது அழற்சியாகத்தான் இருக்கும்.

அடிக்கடி காணும் அழற்சிகள்

1. பூஞ்சண அழற்சி: முன்தோலுக்குள் சிவந்து, சின்னச் சின்னப் புள்ளிகளாக இருக்கும். வெள்ளையாகப் படியும், அரிக்கும், நாற்றமும் வரலாம். முன்தோலின் ஓரம் வெடிக்கும். இப்படி அடிக்கடி வந்தால் முதலில் இரத்தத்தில் சீனியைப் பார்க்க வேண்டும். தனக்குச் சீனி வருத்தம் இருப்பதே தெரியாமல் இருப்பவருக்கு இதுதான் முதல் அடையாளமாக வருவதுண்டு. சீனி வருத்தத்துக்கு இப்போது கொடுக்கப்படும் மாத்திரைகளில் ஒரு வகை, சீனியைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும். அதைக் குடிப்பவர்களுக்கும் இந்தத் தொந்தரவு கூடலாம். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள்.

2. பட்டதனால் வரும் எரிச்சல்: வாசனைச் சவர்க்காரம், டெட்டோல் ஆகியவற்றை இந்த மெல்லிய தோல் தாங்காது. களைநாசினி அடிப்பவர்களும் உரம் போடுபவர்களும் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். சிறுநீர் கழித்த பிறகு கை கழுவுவது எல்லோரும் செய்வது. மருந்து அடிக்கிறவர்கள் கழிப்பதற்கு முன்னும் கழுவ வேண்டும்.

3. சொறி சிரங்கு: ராத்திரியில் கடுமையான அரிப்பு, விரலிடுக்கிலும் வயிற்றிலும் பரு. ஆணுறுப்பிலும் விதைப்பையிலும் கட்டி கட்டியாக வரும். லயத்தில் ஒரு காம்பராவில் ஒருவருக்கு வந்தால் எல்லோருக்கும் தொற்றும். வீட்டில் உள்ள அத்தனை பேரும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும்.

4. மாத்திரையால் வரும் திட்டு: சிலருக்குக் குறிப்பிட்ட ஒரு மாத்திரை ஒத்துக்கொள்ளாது. சில வலி மாத்திரைகளும் சில கிருமிநாசினி மாத்திரைகளும் இப்படிச் செய்யும். மாத்திரை குடித்த சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ ஒரு வட்டமான சிவப்புத் திட்டு வரும், சில சமயம் கொப்புளிக்கும். ஆறிய பிறகு கறுப்பாக நிற்கும். மறுபடி அதே மாத்திரையைக் குடித்தால் அதே இடத்தில் திரும்பவும் வரும். ஆணுறுப்பின் முனை இதற்குப் பழக்கமான இடம். மாத்திரையின் பெயரைக் கண்டுபிடித்து, வாழ்நாள் முழுவதும் தவிர்ப்பதுதான் வைத்தியம்.

5. உடம்பில் வேறு இடத்திலும் உள்ள தோல் வருத்தங்கள்: முழங்கை, முழங்கால், தலையில் செதிலாக உரியும் சொரியாசிஸ் உள்ளவருக்கு ஆணுறுப்பிலும் திட்டு வரலாம். அங்கே செதில் அதிகம் தெரியாது, சிவப்பு மட்டும் தெரியும். ஆகவே டாக்டர் சட்டையைக் கழற்றச் சொன்னால், வாயைத் திறக்கச் சொன்னால் ஆச்சரியப்படாதீர்கள். விடை வேறு இடத்தில் கிடைக்கலாம்.

6. சூன் அழற்சி: நடுத்தர வயது தாண்டிய, முன்தோல் உள்ள ஆண்களுக்கு வரும். முனையில் ஈரமாக, பளபளப்பாக, செம்மஞ்சள் கலந்த சிவப்பில் ஒரே திட்டு. மிளகாய்த்தூள் தூவிய மாதிரிப் புள்ளிகள் இருக்கும். அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் முன்தோலின் உட்பக்கத்திலும் அதே மாதிரி ஒரு திட்டு காணப்படும். பெரிதாக வலி இராது. இது தொற்றுவருத்தம் அல்ல.

இவை தவிர பாலியல் தொடர்பால் வரும் புண்களும் உண்டு. வலியே இல்லாத ஒரு தனிப் புண் சிபிலிஸ் ஆக இருக்கலாம். அதற்கு இரத்தப் பரிசோதனை உண்டு, நல்ல மருந்தும் உண்டு.

எச்சரிக்கையாகப் பார்க்க வேண்டியவை

முதலாவது, முனையிலோ முன்தோலின் உட்பக்கத்திலோ வரும் வெல்வெட் துணி மாதிரியான, பளிச்சென்ற சிவப்புத் திட்டு. ஓரம் கோடு போட்ட மாதிரித் தெளிவாக இருக்கும். அரிப்போ வலியோ அநேகமாக இராது. 1911ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டுத் தோல் வைத்தியர் கேரா இதை விவரித்தார். அவர் பெயராலேயே இது அழைக்கப்படுகிறது.

இரண்டாவது, தண்டுப் பகுதியில் செதிலோடு மெதுவாகப் பரவும் ஒரு தடித்த திட்டு. 1912இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்து வைத்தியர் போவன் எழுதி வைத்ததால் இதற்குப் போவன் வருத்தம் என்று பெயர். பெயர் இரண்டானாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான். மேல் அடுக்குக் கலங்கள் கெட்டிருக்கின்றன, வேலியை இன்னும் தாண்டவில்லை.

மூன்றாவது, வெள்ளைத் தழும்பு வருத்தம். இது அழற்சிதான், ஆனால் நடுவில் நிற்கும் வருத்தம். முன்தோல் வெளுத்து, காகிதம் மாதிரிச் சுருங்கி, இறுகிவிடும். பின்னுக்குத் தள்ள முடியாது. சிறுநீர்த் துவாரமும் சுருங்கி, சிறுநீர் நூல் மாதிரிப் போகும். இப்படி உள்ளவர்களில் ஒரு சிறு பகுதியினருக்குப் பிற்காலத்தில் புற்றுநோய் வரக்கூடும். ஆகவே வைத்தியம் செய்வதோடு தொடர்ந்து காட்டிக்கொண்டும் வர வேண்டும்.

கண்ணால் பார்த்துச் சொல்ல முடியுமா?

இதுதான் முக்கியமான கேள்வி. மேலே சொன்ன அடையாளங்களைப் படித்துவிட்டு “எனக்கு இருப்பது இதுதான்” என்று நீங்களே முடிவு கட்டக் கூடாது. ஏனென்றால் பெரிய டாக்டர்மாரே இதில் ஏமாந்திருக்கிறார்கள்.

கேரா எழுதியதற்குப் பிறகு நாற்பது வருஷம் வரை, முனையில் பளபளப்பான சிவப்புத் திட்டைக் கண்டால் அதுதான் இது என்று சொல்லி வந்தார்கள். 1952இல் நெதர்லாந்து நாட்டுத் தோல் வைத்தியர் சூன், அப்படிப் பெயரிடப்பட்ட சில ஆண்களின் தோலை நுணுக்குக்காட்டியில் பார்த்தார். கெட்ட கலங்கள் அங்கே இல்லை. அழற்சிக் கலங்கள்தான் நிறைந்திருந்தன. புற்றுக்கு முந்திய நிலை என்று பயந்திருந்தவர்களுக்கு இருந்தது வெறும் அழற்சி என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த அழற்சிக்குத்தான் இன்று சூன் பெயர். இதே மாதிரி, அழற்சி என்று நினைத்து மருந்து போட்டுக்கொண்டிருந்தது பிறகு மற்றதாக முடிந்ததும் உண்டு.

நம்ம தேயிலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மலையில் செடி மஞ்சளாகிறது. வெயிலால் இருக்கலாம், உரம் போதாமல் இருக்கலாம், வேர் நோயாகவும் இருக்கலாம். இலையைப் பார்த்தால் எல்லாம் ஒரே மஞ்சள்தான். வேரைத் தோண்டிப் பார்த்தால்தான் தெரியும். தோலும் அப்படித்தான். ஒரு சிறு துணுக்கு எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால்தான் முடிவு சொல்லலாம். இதைத்தான் ஆஸ்பத்திரியில் பயொப்சி என்கிறார்கள்.

பயொப்சி என்றதும் பெரிய ஒபரேசன் என்று நினைக்க வேண்டாம். அந்த இடத்தை விறைக்கச் செய்ய ஒரு ஊசி போடுவார்கள். பிறகு பயறு அளவிலான ஒரு துணுக்கு எடுப்பார்கள். தேவைப்பட்டால் ஒன்றிரண்டு தையல். அநேகமாக அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். “கத்தி பட்டால் புற்று பரவிவிடும்” என்று லயத்தில் பேசிக்கொள்வார்கள். அது உண்மை அல்ல. கத்தி படாமல் விட்ட திட்டுத்தான் பரவுகிறது.

காலத்தை வைத்து ஒரு கணக்கு

டாக்டர் கொடுத்த மருந்தை ஒழுங்காகப் போட்டால் சாதாரண அழற்சி இரண்டு வாரத்தில் நன்றாகக் குறைய வேண்டும். நான்கு வாரம் தாண்டியும் ஒரே இடத்தில் திட்டு நின்றால் தோல் வைத்திய நிபுணரிடம் காட்டியே ஆக வேண்டும். பின்வரும் அடையாளங்கள் இருந்தால் நான்கு வாரமும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது:

* திட்டு தடித்தால், கட்டியானால், பூக்கோவா மாதிரி வளர்ந்தால்
* தொட்டால் இரத்தம் கசிந்தால், நடுவில் புண் குழிந்தால்
* பின்னுக்குத் தள்ள முடியாத முன்தோலுக்குள்ளிருந்து நாற்றமான நீரோ இரத்தமோ வந்தால்
* கவட்டில் நெறி கட்டிக் கரையாமல் நின்றால்

வலி இல்லை என்பதை நல்ல அடையாளமாக எடுக்காதீர்கள். வலியும் அரிப்பும் அழற்சியில்தான் கூடுதல். ஆபத்தான திட்டு பல நேரம் பேசாமல் இருக்கும்.

டியூப் கிறீம் ஏன் கூடாது?

கடையில் கேட்டு வாங்கும் அரிப்புக் கிறீம்களில் பெரும்பாலும் ஸ்டீரொய்ட் கலந்திருக்கும். அது எந்தச் சிவப்பையும் கொஞ்ச நாளைக்கு மங்கச் செய்யும். பூஞ்சணமாக இருந்தால் உள்ளுக்குள் அது இன்னும் பரவும். புற்றுக்கு முந்திய திட்டாக இருந்தால் “குறைகிறது” என்ற நம்பிக்கையில் மாசங்கள் ஓடிவிடும். டாக்டர் பார்க்கும் நேரம் அடையாளமும் கலைந்திருக்கும்.

ஸ்டீரொய்ட் கெட்ட மருந்து என்று இதற்கு அர்த்தமில்லை. சூன் அழற்சிக்கும் வெள்ளைத் தழும்பு வருத்தத்துக்கும் டாக்டர்மாரே அதைக் கொடுக்கிறார்கள். எதற்கு, எத்தனை நாளைக்கு என்று தெரிந்து கொடுக்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம். ஏற்கெனவே பூசியிருந்தால் அந்த டியூபையும், குடித்த மாத்திரைகளின் உறையையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

நேரத்தோடு போனால் என்ன கிடைக்கும்?

புற்றுக்கு முந்திய நிலையிலேயே கண்டுபிடித்தால் உறுப்பைக் காப்பாற்றலாம். கெட்ட கலங்களை அழிக்கும் விசேஷ கிறீம்கள் உண்டு. லேசர் வைத்தியம் உண்டு. முன்தோலில் மட்டும் இருந்தால் முன்தோலை நீக்கிவிடலாம். முனையின் மேல் தோலை மட்டும் உரித்து வேறு இடத்துத் தோலை ஒட்டவும் முடியும். திரும்ப வரக்கூடும் என்பதால் சில வருஷங்கள் கிளினிக்குக்குப் போய்க் காட்ட வேண்டும். அவ்வளவுதான்.

வேலியைத் தாண்டிய பிறகு போனால் உறுப்பின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ வெட்ட வேண்டி வரலாம். கவட்டு நெறிகளையும் எடுக்க நேரிடலாம். அரை நாள் பேர் போகுமே என்று தள்ளிப்போட்டவர் மாசக் கணக்கில் வேலையையும், அதற்கு மேலானதையும் இழக்கிறார்.

எங்கே போவது?

தோட்டத்தில் இருப்பவர்கள் முதலில் தோட்ட வைத்திய உத்தியோகத்தரிடம் சொல்லி, ஆஸ்பத்திரிக்குத் துண்டு வாங்குங்கள். “ஐயா, தனியாப் பேசணும்” என்று சொன்னால் போதும். நுவரெலியா, பதுளை, கண்டி, இரத்தினபுரி ஆகிய இடங்களில் உள்ள பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் தோல் வைத்திய நிபுணர்கள் இருக்கிறார்கள்.

கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் ஊருக்கு வரும் வரை காத்திருக்க வேண்டாம். கல்கிசை, தெஹிவளை, வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்குக் களுபோவிலையில் உள்ள கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலை பக்கம். கொட்டாஞ்சேனையில் இருப்பவர்களுக்குக் கொழும்பு தேசிய வைத்தியசாலை வசதி. சிங்களம் தெரியாவிட்டால் “சர்ம ரோக” என்று கேளுங்கள், தோல் கிளினிக்கைக் காட்டுவார்கள். பாலியல் தொடர்பால் வந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் கொழும்பு 10, டி சேரம் பிளேஸில் அரசாங்கத்தின் மத்திய கிளினிக் இருக்கிறது. நீங்கள் சொல்வதை இரகசியமாக வைத்திருப்பார்கள். புற்றுநோய் என்று முடிவானால் மகரகம அபேக்ஷா வைத்தியசாலை உண்டு. அரசாங்க ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்ப்பதற்குக் கட்டணம் கிடையாது.

வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு வார்த்தை

கணவருக்கு இப்படி ஒரு திட்டு வந்தால் உடனே “யாரிடம் போனீங்க?” என்று சண்டை பிடிக்க வேண்டாம். பூஞ்சணம், மாத்திரைத் திட்டு, சூன் அழற்சி, வெள்ளைத் தழும்பு, இவை எதுவும் தவறான நடத்தைக்குச் சாட்சி அல்ல. புற்றுக்கு முந்திய திட்டுகளில் பலவற்றுக்குக் காரணமான எச்.பி.வி. என்ற வைரஸ் கூட, பல வருஷத்துக்கு முன்பே வந்து உடம்பில் ஒளிந்திருக்கக்கூடியது. இந்தப் பயத்தினால்தான் பல ஆண்கள் வாயைத் திறப்பதில்லை. நீங்கள் தைரியம் கொடுத்தால் அவர் டாக்டரிடம் போவார்.

அதே வைரஸ்தான் பெண்களுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயையும் உண்டாக்குகிறது. ஆகவே 35 வயதானவர்கள் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போய்ப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கணவருக்கு இப்படி ஒரு திட்டு இருந்தால் அதையும் அங்கே சொல்லுங்கள். 2017 முதல் பாடசாலையில் 6ஆம் தரத்துப் பெண் பிள்ளைகளுக்கு இந்த வைரஸுக்கு எதிரான தடுப்பூசி போடப்படுகிறது. ஊசி போடும் நாளில் பிள்ளையை வீட்டில் நிறுத்தாதீர்கள்.

வராமல் தடுக்க

* தினமும் குளிக்கும்போது முன்தோலைப் பின்னுக்குத் தள்ளி, வெறும் தண்ணியால் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மறுபடி முன்னுக்கு இழுத்துவிடுங்கள். பீலியில் ஆட்கள் இருந்தால் ஒரு வாளித் தண்ணியை மறைவுக்குக் கொண்டுபோய்ச் செய்யலாம்.
* மழையில் நனைந்த உள்ளாடையோடு நாள் முழுக்க வேலை செய்யாதீர்கள்.
* பீடி, சுருட்டு, சிகரெட்டை விடுங்கள். புகையிலை நுரையீரலுக்கு மட்டும் கெடுதல் என்று நினைக்க வேண்டாம். இந்தப் புற்றுநோய்க்கும் அது ஒரு காரணம்.
* சின்னப் பையன்களின் முன்தோலை வலுக்கட்டாயமாகத் தள்ளாதீர்கள். வளர வளரத் தானாக இளகும். சிறுநீர் கழிக்கும்போது தோல் பலூன் மாதிரி ஊதினாலோ, வாலிப வயதிலும் இளகாவிட்டாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

சில கேள்விகள், பதில்கள்

சுன்னத்து செய்தவர்களுக்கு இது வராதா?
குழந்தைப் பருவத்தில் செய்தவர்களுக்கு இந்தப் புற்றுநோய் மிகக் குறைவு. அதற்காக எல்லோரும் செய்ய வேண்டும் என்பதில்லை. முன்தோல் நன்றாக இளகி, தினமும் சுத்தம் செய்தால் போதும்.

வைத்தியம் செய்தால் ஆண்மை போய்விடுமா?
முந்திய நிலையில் செய்யும் வைத்தியம் மேல் தோலோடு நின்றுவிடும். குடும்ப வாழ்க்கைக்கு அது தடை இல்லை. விட்டுவைப்பதுதான் ஆபத்து.

திட்டு இருக்கும்போது மனைவியோடு சேரலாமா?
என்னவென்று தெரியும் வரை தவிர்ப்பது இரண்டு பேருக்கும் நல்லது.

பெண் டாக்டராக இருந்தால் எப்படிக் காட்டுவது?
ஆண் டாக்டர் வேண்டும் என்று தாதியிடம் கேட்கலாம். அன்று ஆண் டாக்டர் இல்லாவிட்டால் திரும்பி வந்துவிடாதீர்கள். அவருக்கு நீங்கள் ஒரு நோயாளி, அவ்வளவுதான்.

ஆகவே உறவுகளே, இந்த இதழை வாசித்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். வாசிக்கத் தெரியாத அப்பாவுக்கு, மாமாவுக்கு மகனோ மருமகனோ வாசித்துக் காட்டுங்கள். கொழும்பில் இருக்கும் தம்பிக்குப் போனில் சொல்லுங்கள். இரண்டு வாரத்தில் குறைய வேண்டும், நான்கு வாரத்துக்கு மேல் நின்றால் நிபுணரிடம் காட்ட வேண்டும். இந்த இரண்டு கணக்கையும் ஞாபகம் வைத்திருந்தால் போதும்.